தனியொருவன் என்னும் சொல்

2001 ஆம் ஆண்டு மே மாதம் 23 ஆம் திகதி, எவரெஸ்ற் சிகரத்தின் உச்சியிலிருந்து மார்க்கோ சிப்ரெடி என்னும் பிரெஞ்சு இளைஞர் ஒரு பலகையின் மேல் நின்றவாறு பனியிற் சறுக்கிக் கீழே இறங்கினார். அவருக்கு அப்பொழுது வயது 22. ஏறத்தாழ 8,848 மீற்றர் உயரமுள்ள அம்மலையின் வடமுகத்திலே, நோர்ட்டன் இடுக்கு என வழங்கப்படும் செங்குத்தான பனிப்பள்ளத்தின் வழியாக, 6,400 மீற்றர் அளவில் அமைந்த முன்னணி முகாம் வரை அவர் இறங்கினார். இரு பாதங்களும் ஒரே பலகையிற் பிணைக்கப்பட்டிருக்க, ஒரு கணம் சமநிலை தவறினும் மீட்சியில்லை என்ற நிலையில், மூச்சு விடுவதே பெருமுயற்சியாகும் உயரத்தில் நிகழ்ந்த செயல் இது. உச்சியிலிருந்து முகாம் வரை சறுக்குப் பலகையிலேயே ஒருவர் முழுமையாக இறங்கியது அதுவே முதன்முறை.

இத்தகைய செயல்களைப் பற்றி எழுதுவோர் 'தனியாக' என்னும் சொல்லை விரும்பிக் கையாளுகின்றனர். தனியொருவன், மாமலை, மரணம் என்று காட்சி அமைந்துவிடுகிறது. படிப்பவர் மனமும் அக்காட்சியில் மயங்கி நிற்கிறது. ஆனால் ஒரு மனிதன் ஒரு செயலைத் தனியாகச் செய்தான் என்று நாம் எப்பொழுது சொல்லலாம்? அவ்வாறு சொல்லும்போது யார் யாரை நாம் காட்சியிலிருந்து அகற்றிவிடுகின்றோம்? மலையேறுவோர் தம்முள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய சில்லறை வழக்கு என்று இவ்வினாவை நான் கருதவில்லை. உழைப்பையும் புகழையும் எவ்வாறு பங்கிடுவது என்னும் அறவியல் வினாவே இங்கு மலையின் மேல் நிற்கிறது.

முதலில் நம்மவரிடையே எழக்கூடிய ஒரு மறுப்பை நோக்குதல் வேண்டும். "உண்ண உணவில்லாதோர் நிறைந்த உலகில், வசதி படைத்த நாட்டு இளைஞர் ஒருவர் பனியிற் சறுக்கி விளையாடியதைப் பற்றி நமக்கென்ன? பயனற்ற செயல், பூர்ஷ்வா வர்க்கத்தின் பொழுதுபோக்கு" என்று நண்பர் சிலர் கூறுவர். இக்கூற்றில் நியாயமான கோபம் உண்டு; எனினும் சிந்தனை போதாது. பயன் ஒன்றே மனிதச் செயலுக்கு அளவுகோல் எனின் கூத்தும் இசையும் சதுரங்கமும் என்னாவது? 1886 இல் சிக்காகோத் தொழிலாளர் எட்டு மணி நேர வேலைநாள் கேட்டுத் தெருவில் இறங்கியபோது, உறங்குவதற்கு மட்டும் அவர்கள் நேரம் கேட்கவில்லை. தமக்கென வாழ்வதற்கும் நேரம் கேட்டார்கள். 1936 இல் பிரான்சின் மக்கள் முன்னணி அரசாங்கம் சம்பளத்துடன் கூடிய இரு வார விடுமுறையைச் சட்டமாக்கியபோது, அதுவரை கடலையோ மலையையோ கண்டறியாத தொழிலாளர் பலர் அவற்றைக் காணப் புறப்பட்டனர். பயன் கருதாத மகிழ்ச்சி சிலருக்கே உரியதாக இருப்பதுதான் அநீதி. அம்மகிழ்ச்சி இருப்பதே அநீதி என்று சொல்வோர், உழைப்பாளிக்கு உழைப்பைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று கூறும் முதலாளியின் பக்கமே தம்மை அறியாமற் சென்று நிற்கின்றனர்.

ஆகவே சிப்ரெடியின் துணிவை நான் குறைத்து மதிப்பிட விரும்பவில்லை. பலகையின் விளிம்பைப் பனியில் ஊன்றித் திரும்பிய ஒவ்வொரு திருப்பமும் அவருடையதே. அவ்விடத்தில் அவருக்காக வேறெவரும் திரும்பியிருக்க முடியாது. என் வினா அத்திருப்பங்களுக்கு முன்னர் நிகழ்ந்தவற்றைப் பற்றியது.

எவரெஸ்ற்றின் வடபுறத்திலே முன்னணி முகாம் வரையில் யாக் எருதுகள் பொதி சுமக்கும். அதற்கு மேலே மனித முதுகுதான் சுமக்க வேண்டும். கூடாரம், உணவு, எரிபொருள், கயிறு, ஒட்சிசன் கலன் யாவும் முகாமுக்கு முகாம் ஆட்களால் ஏற்றப்படுகின்றன. அவ்வேலையைப் பெரும்பாலும் ஷேர்ப்பா மக்களே செய்கின்றனர். குளிர்காலத்தின் கடுங்காற்று உச்சியை விட்டு விலகுவதற்கும் பருவமழை தொடங்குவதற்கும் இடையே, வசந்தத்தின் இறுதியிற் கிடைக்கும் சில அமைதியான நாட்களுக்காகவே இவ்வளவு ஆயத்தமும் நடைபெறுகிறது. சிப்ரெடியுடன் உச்சிவரை சென்றவர்களுள் லொப்சாங் தெம்பா என்னும் ஷேர்ப்பாவும் ஒருவர். இறக்கம் தொடங்கிச் சிறிது நேரத்தில், பாதத்தைப் பலகையுடன் பிணைக்கும் பூட்டுகளில் ஒன்று கடுங்குளிரினால் உடைந்துபோயிற்று. அதனைக் கம்பி கொண்டு கட்டிச் சீர்செய்து கொடுத்தவர் அந்த லொப்சாங் தெம்பாவே. கம்பி கட்டப்பட்டது, இளைஞர் இறங்கினார், வரலாறு எழுதப்பட்டது.

உற்ற வேளையிற் செய்யப்பட்ட சிறு உதவியை எதனால் அளப்பது என்று ஆழமாகச் சிந்தித்த மரபு நம்முடையது. செய்ந்நன்றியறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அவ்வளவைக் கொண்டு நோக்கினால், அக்கம்பித் துண்டின் எடை என்ன? அது இல்லையேல் முதல் முழு இறக்கம் என்ற ஒன்று அன்று நிகழ்ந்திராது. எனினும் பதிவேட்டில் ஒரு பெயரே முன்னிற்கிறது. மற்றது விவரமாகத் தேடிப் படிப்போருக்கு மட்டுமே கிடைக்கிறது.

இங்கே ஒருவர் தடை எழுப்பலாம். "இப்படிப் பார்த்தால் உலகில் எவரும் எதனையும் தனியாகச் செய்வதில்லை. பலகையைச் செய்த தொழிலாளி, கயிற்றைத் திரித்தவன், பாதையை முதலிற் கண்டவன் என்று பட்டியல் முடிவின்றி நீளும். அப்போது 'தனியாக' என்ற சொல்லையே அகராதியிலிருந்து நீக்கிவிட வேண்டியதுதானே?" இது வலிமையான தடை. இதற்கு விடை கூறாமல் மேலே செல்லுதல் நேர்மையன்று.

விடையை அதே மலை தருகிறது. 1980 ஆம் ஆண்டு ஓகஸ்ற் 20 ஆம் திகதி றைன்ஹோல்ட் மெஸ்னர் அதே வடபுறத்தால், அதே நோர்ட்டன் இடுக்கின் வழியே, செயற்கை ஒட்சிசன் இன்றி உச்சியை அடைந்தார். முன்னணி முகாமுக்கு மேலே அவருக்குச் சுமையாள் இல்லை. பாதை அமைத்துக் கொடுத்தவர் இல்லை. தம் கூடாரத்தைத் தாமே சுமந்தார். சிப்ரெடிக்கு ஒரு நாள் முன்னதாக, 2001 மே 22 இல், ஒஸ்திரிய நாட்டவரான ஸ்டெபான் காட் செயற்கை ஒட்சிசன் இன்றித் தம் பலகையைத் தாமே சுமந்து ஏறினார். இறங்கும் வழியில் ஒரு பகுதியைச் சறுக்கியும் எஞ்சியதை நடந்தும் கடந்தார். முழு இறக்கம் என்ற புகழ் அவருக்குக் கிட்டவில்லை. 'தனியாக' என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் உண்டு என்பதையும், அதனை உழைத்துப் பெறவேண்டும் என்பதையும் இவ்விருவரும் காட்டுகின்றனர்.

மெஸ்னருக்கும் கடன் உண்டு. அவர் ஏறிய இடுக்கின் பெயரே அக்கடனுக்குச் சான்று. 1924 ஆம் ஆண்டு யூன் 4 ஆம் திகதி எட்வேர்ட் நோர்ட்டன் என்னும் ஆங்கிலேயர், ஒட்சிசன் கலன் இன்றி அவ்விடுக்கில் 8,570 மீற்றர் உயரம் வரை சென்று திரும்பினார். அவ்வறிவு பின்வந்தோர் அனைவருக்கும் சொத்தாயிற்று. இது முன்னோரிடம் நாம் எல்லோரும் பட்டிருக்கும் கடன். எழுத்தைக் கண்டவனுக்கும் ஏரைக் கண்டவனுக்கும் நாம் பட்டுள்ள கடன் போன்றது. இதனைத் திருப்பிக் கொடுக்க இயலாது. அடுத்தவருக்குக் கையளிக்கவே இயலும். இக்கடன் உள்ளதால் ஒருவன் செய்ததைத் தனியாகச் செய்தான் என்று சொல்வது பொய்யாகிவிடாது.

மற்றொரு கடன் உண்டு. அது அதே நாளில், அதே சரிவில், அதே ஆபத்தினுள் நம்முடன் நிற்பவரிடம் படும் கடன். கடன் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார்; அவருக்குப் பெயர் உண்டு; வீட்டில் அவருக்காகக் காத்திருப்போர் உண்டு. இக்கடனை மறைத்துத் 'தனியாக' என்று சொல்லும்போதே அச்சொல் பொய்யாகிறது. முதலாவது கடனைக் காட்டி இரண்டாவதைக் கரைத்துவிடுவது ஒரு தந்திரம். 'எல்லோரும் எல்லோருக்கும் கடன்பட்டவரே' என்று பொதுப்படப் பேசி, இன்று மாலை கூலி கொடுக்கவேண்டிய ஒருவருக்குக் கொடாமல் விடுவோரின் தந்திரம் அது.

நோர்ட்டனின் வரலாற்றிலும் இவ்விரு கடன்களும் கலந்தே உள்ளன. அவர் புறப்பட்ட கடைசிக் கூடாரம் 8,100 மீற்றருக்கும் மேலான உயரத்தில் இருந்தது. அக்கூடாரத்தை அங்கே சுமந்து சென்றவர்கள் நர்பு யிஷாங், லக்பா செடி, செம்சும்பி என்னும் மூவர். அவர்கள் சுமையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினர். இடுக்குக்கு நோர்ட்டனின் பெயர் நிலைத்தது.

ஆபத்தைத் தேர்ந்துகொள்வதும் ஆபத்தை விற்பதும் ஒன்றல்ல என்பதை இவ்விடத்தில் தெளிவாகக் கூறவேண்டும். சிப்ரெடி அம்மலைக்குப் போகாமல் இருந்திருந்தால் அவர் வீட்டு அடுப்பு அணைந்திராது. கும்பு பள்ளத்தாக்கின் உருளைக்கிழங்கு வயலிலிருந்து வரும் ஷேர்ப்பாவுக்கு, மலையின் ஒரு பருவ ஊதியம் வயல் தரக்கூடியதைவிடப் பன்மடங்கு. அவ்வூதியத்தினாற் பிள்ளைகள் படிக்கின்றனர், வீடுகள் எழுகின்றன. ஷேர்ப்பாக்களை வெறும் பரிதாபத்துக்குரியோராகக் கருதுவதும் தவறு. தம் தொழிலில் அவர்கள் கொண்டுள்ள திறமையும் பெருமிதமும் உலகறிந்தவை. ஆயினும் ஒருவர் தம் வாழ்வுக்குப் பொருள் தேடி ஏறுகிறார். மற்றவர் பிழைப்புத் தேடி ஏறுகிறார். பனிச்சரிவு இவ்வேறுபாட்டை அறியாது. புகழும் இழப்பீடும் மட்டும் இவ்வேறுபாட்டை நன்கறிந்து அதன்படியே பங்கிடப்படுகின்றன.

1922 ஆம் ஆண்டு யூன் 7 ஆம் திகதி, மலரி, சொமர்வெல், குரோபோட் என்னும் ஆங்கிலேயர் மூவரும் சுமையாட்கள் 14 பேரும் எவரெஸ்ற்றின் வடகணவாயை நோக்கி ஏறிக்கொண்டிருந்தனர். புதுப்பனி சரிந்தது. சுமையாட்கள் எழுவர் மாண்டனர். ஆங்கிலேயர் மூவரும் உயிர் தப்பினர். ஈராண்டுகளுக்குப் பின்னர், 1924 இல், முதலாவது குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுகளில் அந்த 1922 ஆம் ஆண்டுப் பயணத்துக்கு மலையேற்றப் பரிசு வழங்கப்பட்டது. மாண்ட எழுவரும் அப்பரிசுக்குரியோர் பட்டியலில் இடம்பெற்றனர். அப்பயணத்தில் உயிரோடு சுமை தூக்கித் திரும்பிய சுமையாட்கள் இடம்பெறவில்லை. சுமந்தவன் எண்ணப்படுவதற்கு அவன் இறக்கவேண்டியிருந்தது. அவ்விளையாட்டுகள் நடைபெற்ற ஊர் பிரான்சின் ஷாமோனி. மார்க்கோ சிப்ரெடி பிறந்த ஊரும் அதுவே.

சிப்ரெடியின் கதை 2001 உடன் முடியவில்லை. அவர் உண்மையில் விரும்பியது அதே முகத்திலுள்ள ஹோர்ன்பைன் இடுக்கு என்னும் இன்னும் கடினமான வழி. வசந்தத்தில் அங்கே போதிய பனி இராமையால், பருவமழை பனியை நிறைத்த பின்னர், 2002 இல் அவர் மீண்டும் வந்தார். பூர்பா தாஷி, பா நுரு, டா தென்சிங் என்னும் ஷேர்ப்பாக்கள் மூவர் உடன் சென்றனர். ஆழ்ந்த பனியை விலக்கி விலக்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலாக ஏறி, செப்ரெம்பர் 8 ஆம் திகதி பிற்பகலில் அவர்கள் உச்சியை அடைந்தனர். இளைஞர் களைத்திருந்தார்; பொழுதும் சென்றுவிட்டது. இப்போது சறுக்கி இறங்கவேண்டாம் என்று பூர்பா தாஷி தடுத்துப் பார்த்தார். சிப்ரெடி கேட்கவில்லை. பலகையைக் காலிற் பூட்டிப் புறப்பட்டார். பின்னர் அவரை எவரும் உயிரோடு காணவில்லை; அவர் உடலும் கிடைக்கவில்லை.

என்னை மிகவும் உறுத்துவது இக்காட்சியே. அம்மலையை அங்கிருந்த நால்வருள் நன்கறிந்தவர் 'வேண்டாம்' என்றார். ஆனால் அவர் கூலி பெறுபவர். அவருக்கு அறிவு இருந்தது, அதிகாரம் இருக்கவில்லை. ஒரு வைத்தியர் நோயாளியிடம் 'வேண்டாம்' என்பதற்கும், ஒரு பணியாள் தம்மை அமர்த்தியவரிடம் 'வேண்டாம்' என்பதற்கும் உள்ள தூரத்தை நாம் அறிவோம். சிப்ரெடி தம் உயிரைப் பற்றித் தாமே முடிவு செய்தார். அவ்வுரிமையை நான் மறுக்கமாட்டேன். எச்சரித்தவர் சமநிலையிலுள்ள தோழராக இருந்திருப்பின் அவரும் கேட்டிருக்கலாம், கேளாமலும் இருந்திருக்கலாம். அதை யாரும் அறுதியிட்டுக் கூற முடியாது. ஆனால் உடன் வந்தவரை உடன் வந்தவராக எண்ணாத ஒரு வழக்கம், அவருடைய சொல்லின் எடையையும் குறைத்துவிடுகிறது என்பது உறுதி. 'தனியாக' என்னும் சொல் பிறருடைய புகழை மட்டும் பறிப்பதில்லை. அச்சொல்லை நம்பியவரின் செவியையும் அது அடைக்கக் கூடும்.

கடனை உணர்ந்தவர் என்ன செய்யவேண்டும்? 1922 இல் உயிர் தப்பிய சொமர்வெல் இதற்கு ஒரு விடை தந்தார். அவர் அறுவை வைத்தியர்; முதலாம் உலகப்போரில் சொம் போர்முனையின் காயப்பட்டோரிடையே பணியாற்றியவர். அந்த எழுவருடன் தம்மவர் ஒருவரேனும் சாகவில்லையே என்ற வெட்கத்தைப் பின்னாளில் அவர் ஒளிக்காமல் எழுதினார். அப்பயணம் முடிந்தபின் இந்தியாவைச் சுற்றிவந்தவர், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரிலே, வைத்தியருக்காகக் காத்துக்கிடந்த நோயாளர் கூட்டத்தைக் கண்டார். இலண்டனில் தமக்கிருந்த வளமான எதிர்காலத்தை விட்டு, நெய்யூர் மிஷன் வைத்தியசாலைக்கே திரும்பி வந்தார். 1924 இல் நோர்ட்டனுடன் மீண்டும் எவரெஸ்ற் ஏறி, தொண்டை அடைத்து மூச்சின்றிச் சாகுந் தறுவாயிற் பின்தங்கியவரும் இவரே. அதன் பின்னரும் நெய்யூருக்குத்தான் திரும்பினார். பின்னர் வேலூரிலும் பணியாற்றி, 1961 வரை தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தமிழ்ப் பேசும் ஏழை மக்களிடையே கழித்தார். மிஷன் பணியைப் பற்றி நமக்கு ஆயிரம் கருத்து வேறுபாடுகள் இருக்கலாம். அறுக்கப்பட வேண்டிய குடற்புண்ணுக்கு அக்கருத்து வேறுபாடு தெரியாது.

எனினும் சொமர்வெல்லின் விடை முழு விடையாகாது. அவருடைய மனச்சான்று உயர்ந்தது. ஆனால் அதனாற் பயன்பெற்றவர்கள் நெய்யூர் நோயாளரே. மாண்ட எழுவரின் வீடுகளுக்கோ அவர்கட்குப் பின் சுமை தூக்கியோருக்கோ அது எதனையும் மாற்றவில்லை. தனிமனிதரின் மனச்சான்று விழித்துக்கொள்ளும் வரை உழைப்பாளி காத்திருக்க வேண்டும் எனின், அவர் நெடுங்காலம் காத்திருக்க நேரிடும்.

92 ஆண்டுகளின் பின்னர் அவர்கள் காத்திருக்க மறுத்தனர். 2014 ஆம் ஆண்டு ஏப்ரில் 18 ஆம் திகதி, எவரெஸ்ற்றின் தென்புறத்தில், கும்பு பனிவீழ்ச்சியிலே பெரும் பனிக்கட்டிகள் சரிந்து நேபாள மலைத் தொழிலாளர் 16 பேரைக் கொன்றன. பிறர் ஏறுவதற்காகச் சுமை கொண்டு சென்றோரும் வழி அமைத்தோரும் அவர்கள். இறந்தவர் குடும்பத்துக்கு உடனடி உதவியாக அரசாங்கம் அறிவித்த தொகை 40,000 நேபாள ரூபா. ஷேர்ப்பாக்கள் கூடினர், கூடுதலான இழப்பீடும் காப்புறுதியும் கேட்டனர், அவ்வாண்டு ஏறமாட்டோம் என்றனர். சுமப்பவர் இல்லாதபோது தென்புறத்து ஏற்றம் அநேகமாக முற்றிலும் நின்றுபோயிற்று. மலைத் தொழிலாளருக்கான ஆயுட் காப்புறுதி பின்னர் 10 இலட்சத்திலிருந்து 15 இலட்சம் நேபாள ரூபாவாக உயர்த்தப்பட்டது. அப்பருவத்தில் ஒரு குழுவின் தலைமை ஷேர்ப்பாவாக அங்கிருந்தவர், 2002 இல் சிப்ரெடியைத் தடுத்துப் பார்த்த அதே பூர்பா தாஷி. அதுவரை 21 முறை உச்சியை அடைந்திருந்த அவருடைய 22 ஆவது ஏற்றம் அவ்வாண்டு நிகழவில்லை. 'வேண்டாம்' என்று ஒருவர் தனித்துச் சொன்னபோது கேளாத மலை, பலர் கூடிச் சொன்னபோது கேட்டது.

நாம் பிறரைக் குறை கூறுவதோடு நின்றுவிடுதலும் தகாது. வேலைநிறுத்தத்தின் வரலாற்றைத் தலைவரின் வரலாறாக எழுதுவதும், இரவிரவாகச் சுவரொட்டி ஒட்டியவரையும் உலை வைத்துக் கூட்டத்துக்குச் சோறு போட்டவரையும் 'முதலியோர்' என்ற சொல்லுள் அடக்கிவிடுவதும் நம் பக்கத்திலும் நிகழ்வனவே. பண்டைத் தமிழர் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எடுத்தபோது பெயரும் பீடும் பொறித்தனர். யாருடைய பெயரைப் பொறிப்பது என்ற தெரிவு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அத்தெரிவை இன்று ஏட்டிலும் பாடநூலிலும் வகுப்பறையிலும் செய்துகொண்டிருப்பவர்கள் நாமே.

ஆகவே 2001 மே 23 ஐப் பற்றி மாணவனுக்கு ஒரு வாக்கியம் சொல்லவேண்டுமாயின், நான் இவ்வாறு சொல்வேன்: மார்க்கோ சிப்ரெடி எவரெஸ்ற் உச்சிக்குப் பிறருடன் ஏறினார், லொப்சாங் தெம்பா கம்பியாற் கட்டிக் கொடுத்த பூட்டில் கால் வைத்து, அங்கிருந்து தனியாக இறங்கினார். இவ்வாக்கியத்தால் அவ்விளைஞரின் துணிவு அணுவளவும் குறைந்துவிடவில்லை. இதில் இரு பெயர்கள் உள்ளன, இரண்டும் உண்மை.